கன்னி ராசியின் முணுமுணுப்பு

மலேசியத் தோட்டங்களில் ரப்பர் மரம் இலை உதிர்ப்பது தைக்கும் பங்குனிக்கும் இடையில். ஆண்டு முழுதும் வானத்தை மறைத்து நிற்கும் பால்மரக்காடு அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் திறந்துகொள்ளும். சுங்கை சிப்புட்டிலும் பீடோரிலும் சித்தியவானிலும் விடியற்காலை ஐந்து மணிக்கு, நெற்றியில் விளக்கும் இடுப்பில் கொசுவத்திச் சுருளுமாகப் பெரட்டுக்குக் கிளம்பிய ஒரு தலைமுறை, மொட்டைக் கிளைகளின் நடுவே நட்சத்திரம் பார்த்தபடி நடந்தது. மாசி மாதத்தில் அந்த நேரத்துக்கு உச்சியிலிருந்து சற்றே மேற்கே சாய்ந்திருப்பது கன்னி ராசி. தெற்குப் பக்கம், அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறக்குறைய நடுவில் செண்டாரஸ் விண்மீன் கூட்டம்.

இந்த இரண்டு திசைகளிலும் பூமிக்கு அருகில் உள்ள மிகப் பெரிய ரேடியோ தாரைகள் இருக்கின்றன. விண்மீன் மண்டலங்களின் நடுவே உள்ள கருந்துளைகளிலிருந்து ஒளியின் வேகத்தை நெருங்கிப் பீறிட்டு வரும் துகள் கற்றைகளைத்தான் தாரை என்கிறேன். கன்னி ராசியில் இருப்பது எம்87. செண்டாரஸில் இருப்பது செண்டாரஸ் ஏ. பூமத்திய ரேகையிலிருந்து நான்கரை டிகிரி வடக்கே இருக்கும் ஈப்போவுக்கு இந்த இரண்டையும் ஒரே இரவில் உயரத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. எம்87 நம் உச்சியிலிருந்து எட்டு டிகிரிக்குள் கடந்து போகிறது. லண்டனில் இருப்பவருக்குச் செண்டாரஸ் ஏ அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. இத்தனை நல்ல இடத்தில் இருந்துகொண்டு இதைப் பற்றி நாம் பேசாமல் இருக்கிறோமே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஆனால் இந்தக் கட்டுரை அந்தப் பெரிய தாரைகளுக்காக எழுதப்படவில்லை. அவற்றின் அக்கம்பக்கத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கும் மங்கலான தாரைகளைப் பற்றியது. பல பத்தாண்டுகளாக யாரும் பொருட்படுத்தாத அவைதான், பெரிய விண்மீன் மண்டலங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்ற கேள்விக்கு விடை தருகின்றன.

முதலில் இந்த இரைச்சல் எப்படிக் காதில் விழுந்தது என்று பார்ப்போம். தோட்டத்து லயங்களில் மாலை நேரம் மீடியம் வேவ் ரேடியோ கேட்டவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். தைப்பிங் பக்கம் மின்னல் வெட்டினால், பாட்டுக்கு நடுவே கரகரவென்று ஒரு சத்தம் வரும். இடி காதுக்கு எட்டும் முன்பே ரேடியோ சொல்லிவிடும். மழை வருகிறது, காயப் போட்டதை எடு என்று வீட்டில் குரல் கொடுப்பார்கள். மின்னல் ஒளியை மட்டும் வீசுவதில்லை, ரேடியோ அலைகளையும் வீசுகிறது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளம் பொறியாளருக்குக் கொடுத்த வேலை இந்தக் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான். கடல் கடந்த தொலைபேசி உரையாடல்களை அது கெடுத்துக்கொண்டிருந்தது.

ஜான்ஸ்கி மூன்று வகை இரைச்சலைப் பிரித்தார். பக்கத்து இடிமழை ஒன்று, தூரத்து இடிமழை ஒன்று. மூன்றாவதாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் மெல்லியதாக ஒரு 'ஸ்ஸ்' சத்தம். அது தினமும் நான்கு நிமிடம் முன்னதாக வந்தது. சூரியனோடு சேர்ந்து வருவது எதுவும் அப்படி வராது. நட்சத்திரங்கள்தான் நாளுக்கு நான்கு நிமிடம் முந்திக்கொண்டு உதிக்கும். நம் பால்வீதியின் மையத்திலிருந்து வந்த சத்தம் அது. 1933இல் அவர் அதை அறிவித்தார். வானத்து ரேடியோ அலைகளின் வலிமையை அளக்கும் அலகுக்கு இன்று அவர் பெயர்தான்: ஜான்ஸ்கி.

ஒரு ஜான்ஸ்கி எவ்வளவு சிறியது என்று புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வாட் சக்தியில் அலை வீசும் பழைய ஜிஎஸ்எம் கைப்பேசி ஒன்றை நிலவில் வைத்து இயக்கினால், பூமியில் அதன் பலம் ஏறத்தாழ 270 ஜான்ஸ்கி. வானத்தின் மிகப் பிரகாசமான ரேடியோ மூலங்களில் ஒன்றான எம்87 அதே அளவுதான் இருக்கிறது. இதுவே பிரகாசம் என்றால், மங்கல் என்று வானியலாளர்கள் சொல்வது மில்லிஜான்ஸ்கிக் கணக்கில், அதாவது ஜான்ஸ்கியின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில்.

எம்87இன் கதை ஒளியில் தொடங்கி ரேடியோவுக்கு வந்தது. 1918இல் கலிபோர்னியாவின் லிக் ஆய்வகத்தில் ஹீபர் கர்ட்டிஸ் எடுத்த படத்தில், மங்கிய வட்டமாகத் தெரிந்த அதன் நடுவிலிருந்து நூல் பிடித்தாற்போல ஓர் ஒளிக்கீற்று நீண்டிருந்தது. அவர் அதைக் குறித்து வைத்தார். அது என்னவென்று சொல்ல அன்று யாராலும் முடியவில்லை. முப்பது ஆண்டு கழித்து, சிட்னிக்கு அருகில் டோவர் ஹைட்ஸ் என்ற கடலோரப் பாறை உச்சியில் ஜான் போல்டன், கோர்டன் ஸ்டான்லி, புரூஸ் ஸ்லீ மூவரும் ஓர் ஆன்டெனாவை நிறுத்தி, நேராக வரும் அலையையும் கடல்பரப்பில் பட்டுத் திரும்பும் அலையையும் ஒன்றுசேர்த்து, ரேடியோ மூலங்களின் இடத்தைத் துல்லியமாகக் கணித்தார்கள். 1949இல் மூன்று மூலங்களுக்கு வானில் முகவரி கொடுத்தார்கள். ஒன்று நண்டு நெபுலா. மற்ற இரண்டும் எம்87, செண்டாரஸ் ஏ. கோடிக்கணக்கான ஒளியாண்டு தொலைவிலிருந்து இவ்வளவு வலிமையாக ரேடியோ அலை வரக்கூடும் என்று நம்ப அவர்களுக்கே தயக்கம். அந்த இரண்டும் நம் பால்வீதிக்குள்ளேயே இருக்கலாமோ என்றுகூட எழுதினார்கள். உண்மையில் செண்டாரஸ் ஏ சுமார் 1.2 கோடி ஒளியாண்டு, எம்87 சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கின்றன.

அலை பிறக்கும் விதம் 1950களில் தெளிவானது. காந்தப்புலத்தில் மாட்டிக்கொண்ட எலக்ட்ரான், ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடும்போது, புலக்கோட்டைச் சுற்றிச் சுழன்றபடி அலை வீசும். சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு என்று இதற்குப் பெயர். இப்படி வரும் ஒளி ஒரே தளத்தில் அதிரும். எம்87இன் தாரையில் அந்த அடையாளம் 1956இல் கிடைத்தது. ஒளியாகத் தெரியும் தாரையின் நீளம் சுமார் 5,000 ஒளியாண்டு. அதன் வேரில் இருக்கும் கருந்துளையின் நிறை 650 கோடி சூரியன்களுக்குச் சமம். 2019 ஏப்ரல் 10ஆம் தேதி வெளியாகி உலகம் முழுதும் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் வந்த ஆரஞ்சு நிற வளையப் படம் அதுவேதான்.

எம்87, செண்டாரஸ் ஏ இரண்டும் நீள்வட்ட விண்மீன் மண்டல வகையைச் சேர்ந்தவை. நம் பால்வீதியைப் போலச் சுருள் கைகள் இல்லாமல், உருண்டையாகவோ நீள் உருண்டையாகவோ திரண்ட நட்சத்திரக் கூட்டங்கள் இவை. செண்டாரஸ் ஏ மட்டும் ஒரு சுருள் மண்டலத்தை விழுங்கிய தூசிப் பட்டையை இன்னும் குறுக்கே சுமந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலான நீள்வட்ட மண்டலங்களில் இருப்பவை பழைய, சிவந்த நட்சத்திரங்கள். புதிது பிறப்பது அபூர்வம். இங்கேதான் ஒரு பெரிய புதிர் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு மலைச்சரிவுக்குப் போய்வர வேண்டும்.

நீலகிரியில், ஊட்டிக்கு அருகே முத்தோரை. தேயிலையும் காய்கறித் தோட்டமுமாக இருக்கும் சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துக்கு ஒரு தொட்டிபோல் வளைந்த கட்டுமானம் படுத்துக் கிடக்கிறது. 24 இரும்புச் சட்டங்கள். அவற்றின் குறுக்கே நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள்தான் அதன் பிரதிபலிப்புப் பரப்பு. அரை கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள இது ஒரே ஒரு தொலைநோக்கி. ஏன் மலைச்சரிவு? அந்த இடத்தின் அட்சரேகை ஏறக்குறைய 11 டிகிரி. வடக்கு தெற்காக 11 டிகிரி சாய்ந்த ஒரு சரிவைத் தேடிப் பிடித்தால், அதில் படுத்திருக்கும் தொட்டியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு அந்த ஓர் அச்சில் உருட்டினால் போதும், ஒரு மூலத்தைக் கிழக்கில் பிடித்து மேற்கே மறையும் வரை ஒன்பது மணி நேரம் விடாமல் பின்தொடரலாம். பணமும் இயந்திரமும் குறைவான நாட்டில் மலையையே கருவியின் பாகமாக்கிய இந்த யோசனையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

யோசனை கோவிந்த் ஸ்வரூப்புடையது. 1953இல் கொழும்புத் திட்ட உதவியில், கொடைக்கானல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆர். பார்த்தசாரதியும் அவரும் சிட்னிக்குப் போய் ரேடியோ வானியல் கற்றார்கள். அதே கொழும்புத் திட்டத்தில் நம் நாட்டு மாணவர்களும் பின்னாளில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போய்ப் படித்தது இங்கே பலருக்கும் தெரியும். டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் ஹோமி பாபா கொடுத்த ஆதரவோடு ஸ்வரூப்பின் குழு இந்தத் தொலைநோக்கியை இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டியது. 1970 தொடக்கத்தில் அது வேலை செய்யத் தொடங்கியது. அலைவரிசை 326.5 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 92 சென்டிமீட்டர்.

அந்த அலைநீளத்தில் நுணுக்கமாகப் பார்க்க இயலாது என்பதுதான் அன்றைய சிக்கல். அலை நீளமாக நீளமாகப் படம் மசமசக்கும். ஊட்டிக்காரர்கள் நிலாவைத் துணைக்கு அழைத்தார்கள். நிலா தன் பாதையில் ஒரு ரேடியோ மூலத்தைக் கடந்து மறைக்கும்போது அதன் சத்தம் படிப்படியாக இறங்கும். எவ்வளவு நேரத்தில், எப்படி இறங்குகிறது என்று பார்த்தால், மூலம் ஒரே புள்ளியா, இரட்டையா, எவ்வளவு அகலம் என்றெல்லாம் கணக்கிடலாம். நிலா வானில் நகர்வது நொடிக்குச் சுமார் அரை வில்நொடி என்பதால், ஒரு டிகிரியின் 3,600இல் ஒரு பங்கு அளவுக்கு நுணுக்கம் கிடைத்தது. அன்றைய பெரிய பட்டியல்களில் விடுபட்டுப்போன நூற்றுக்கணக்கான மங்கலான மூலங்களுக்கு இப்படி உருவம் தெரிந்தது. மூலம் மங்க மங்க அதன் தோற்ற அளவும் சிறுத்துக்கொண்டே போவதை ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் 1975இல் காட்டினார்கள். பிரபஞ்சம் காலத்தோடு மாறி வந்திருக்கிறது என்பதற்கு அது ஒரு சான்றானது. மங்கலானவற்றைப் பொறுமையாக அளந்தால் பெரிய விடை கிடைக்கும் என்ற மனப்பாங்கு இந்திய ரேடியோ வானியலில் அன்றே ஊறிவிட்டது என்று நினைக்கிறேன். ஊட்டியின் பெருந்தொட்டி இன்றும் இயங்குகிறது. ஸ்வரூப் 2020 செப்டம்பரில் காலமானார்.

ஊட்டியில் நிலா மறைப்புகளை அளந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1974இல், கேம்பிரிட்ஜில் பெர்னி ஃபனரோஃப், ஜூலியா ரைலி என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் ரேடியோ மூலங்களின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்து ஒரு பாகுபாட்டைச் சொன்னார்கள். வலிமையானவற்றில் தாரை லட்சக்கணக்கான ஒளியாண்டு தூரம் கட்டுக் குலையாமல் ஓடி, கடைசியில் மோதும் இடத்தில் பளிச்சென்று ஒளிரும். வலிமை குறைந்தவற்றில் வெளிச்சமெல்லாம் நடுவுக்குப் பக்கத்திலேயே. போகப் போகத் தாரை அகன்று, தளர்ந்து, கலைந்துவிடும். அக்கம்பக்கத்து நீள்வட்ட மண்டலங்களில் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். பின்னாளில் ராபர்ட் லேங், ஆலன் பிரைடில் இருவரும் இதன் காரணத்தை விவரமாக வரைந்து காட்டினார்கள். தாரை புறப்படும்போது ஒளிவேகத்தை ஒட்டித்தான் புறப்படுகிறது. முதல் சில ஆயிரம் ஒளியாண்டுகளில் சுற்றியுள்ள வாயுவையும் நட்சத்திரங்கள் உதிர்க்கும் பொருளையும் உள்ளே இழுத்துக்கொண்டு கனமாகிறது, வேகம் இழக்கிறது, கொந்தளித்து விரிகிறது. ஃபனரோஃப் படிப்பு முடிந்து தென்னாப்பிரிக்கா திரும்பி, இனவெறி ஆட்சிக் காலத்தில் தொழிற்சங்கப் பணியில் இறங்கினார். பிறகு மண்டேலாவின் அரசில் பணியாற்றினார். அதற்கும் பிறகு தன் நாட்டின் மாபெரும் ரேடியோ தொலைநோக்கித் திட்டத்துக்குத் தலைமை ஏற்றார். தோட்டத் தொழிற்சங்க வரலாறு தெரிந்த நமக்கு இந்த மனிதரைப் பற்றிக் கேட்கும்போது ஒரு நெருக்கம் வரத்தான் செய்கிறது.

இப்போது அந்தப் புதிர். பெரிய நீள்வட்ட மண்டலங்களைச் சுற்றி ஒரு கோடி டிகிரி வெப்பத்தில் மெல்லிய வாயு சூழ்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது; எக்ஸ் கதிரில் மட்டும் ஒளிரும். ஒளிர்வதென்றால் சக்தியை இழப்பது. சக்தியை இழந்தால் வாயு குளிர வேண்டும், குளிர்ந்தால் நடுவை நோக்கிச் சரிய வேண்டும், சரிந்தால் அங்கே புதிய நட்சத்திரங்கள் குவிய வேண்டும். மையப் பகுதி வாயுவுக்கு இதற்கு நூறு கோடி ஆண்டுகூடத் தேவையில்லை. இந்த மண்டலங்களின் வயதோ ஆயிரம் கோடி ஆண்டு. அப்படியானால் அவற்றின் நடுவில் இளம் நீல நட்சத்திரங்கள் மண்டிக் கிடக்க வேண்டுமே? இல்லை. யாரோ அடுப்பை அணைய விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். யார்?

விடையைக் காட்டிய கருவிக்கு ஒரு தமிழர் பெயர். லாகூரில் 1910இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, நட்சத்திரங்களின் இறுதி நிலை பற்றிய கணக்கைப் போட்டு, 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர்தான் அவர். அவர் நினைவாக 'சந்திரா' என்று பெயரிட்ட எக்ஸ் கதிர் தொலைநோக்கி 1999 ஜூலையில் விண்ணுக்குப் போனது. அதன் கூர்மையான படங்களில் வெப்ப வாயுவின் நடுவே ஓட்டைகள் தெரிந்தன. வாயு இல்லாத, இருண்ட குமிழ்கள். அதே இடத்தின் ரேடியோ படத்தை மேலே வைத்துப் பார்த்தால், தாரைகள் போய் முடியும் இடமும் குமிழும் அச்சாகப் பொருந்தின. தாரை வாயுவைத் தள்ளி ஒதுக்கிக் குழி பறித்திருந்தது.

எம்87இன் அதே கூட்டத்தில் உள்ள எம்84ஐப் பாருங்கள். கன்னி ராசிப் பகுதியில் சிறிய தொலைநோக்கியிலேயே எம்87க்குப் பக்கத்தில் தெரியும் மண்டலம். ரேடியோவில் எம்87ஐவிடப் பல மடங்கு மங்கல். ஆனால் சந்திராவின் படத்தில் அதன் வெப்ப வாயு ஒழுங்காகப் பரவியிருக்கவில்லை. ஆங்கில எழுத்து 'எச்' வடிவத்தில் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. வடக்கிலும் தெற்கிலும் தாரைகள் தோண்டிய குழிகளுக்கு இடையில் மிஞ்சியதுதான் அந்த 'எச்'. ஆயிரக்கணக்கான ஒளியாண்டு அகலமுள்ள வாயுத் திரளைப் பிளந்து நகர்த்த எவ்வளவு சக்தி வேண்டும்? வாயுவின் அழுத்தம் தெரியும், குமிழின் பருமன் தெரியும். ஒன்றை மற்றொன்றால் பெருக்கினால் தாரை செய்த வேலை கிடைத்துவிடும். பள்ளிக்கூட இயற்பியல்தான். பல மண்டலங்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டபோது தெரிந்தது இது: ரேடியோ அலையாக வெளியே வருவது தாரையின் மொத்தச் சக்தியில் நூறில் ஒரு பங்கு, பல இடங்களில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி எல்லாம் வாயுவைத் தள்ளவும் சூடாக்கவும் போய்விடுகிறது.

ஆகவே மங்கலாகத் தெரியும் தாரை பலவீனமானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது சத்தம் போடாமல் வேலை செய்கிறது. அவ்வளவுதான்.

இப்படி நடக்க ஒரு பின்னூட்டச் சுழல் இருப்பதாக வானியலாளர்கள் கருதுகிறார்கள். வாயு குளிர்ந்து கொஞ்சம் நடுவுக்கு வந்தால் கருந்துளைக்குத் தீனி கிடைக்கும். தீனி கிடைத்தால் தாரை கிளம்பும். தாரை கிளம்பினால் வாயு மறுபடி சூடாகி விலகும், தீனி நிற்கும், தாரை அடங்கும். பிறகு திரும்பவும் முதலிலிருந்து. சுழலும் கருந்துளையின் ஆற்றலைக் காந்தப்புலம் வழியாக எப்படி வெளியே இழுத்துத் தாரையாக மாற்றலாம் என்பதற்கு ரோஜர் பிளாண்ட்ஃபோர்டும் ரோமன் ஸ்நாயெக்கும் 1977இலேயே ஒரு வழி சொல்லியிருந்தார்கள். சூரியக் குடும்பத்தோடு ஒப்பிடும் அளவே உள்ள ஒரு பொருள், லட்சம் ஒளியாண்டு விரிந்த மண்டலத்தில் நட்சத்திரம் பிறக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கிறது. இதை நினைத்தால் இன்னமும் எனக்கு மலைப்பாகவே இருக்கிறது.

சுழல் உண்மை என்றால் அதன் தடம் எங்கும் இருக்க வேண்டும். சில மண்டலங்களில் மட்டும் தாரை இருந்தால் போதாது. அதைத் தேடித்தான் அண்மைக் காலத்தில் மங்கலானவற்றின் பக்கம் எல்லாரும் திரும்பினார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள விஎல்ஏ தொலைநோக்கித் தொகுதியின் பதிவுகளைக் கொண்டு, எக்ஸ் கதிரிலும் ஒளியிலும் பிரகாசமான 42 அருகாமை மண்டலங்களை ஒரு குழு ஆராய்ந்து 2022இல் வெளியிட்டது. 41இல் மையத்திலிருந்து ரேடியோ அலை வந்தது. அவற்றில் 27இல் அது நீண்டு விரிந்தும் இருந்தது. நெதர்லாந்தை மையமாகக் கொண்ட லோஃபார் தொலைநோக்கியால் 2019இல் எடுத்த கணக்கெடுப்போ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. நட்சத்திரங்களின் நிறை பத்தாயிரம் கோடி சூரியனுக்கு மேலிருக்கும் மண்டலங்களை எடுத்துக்கொண்டு போதிய அளவு நுணுக்கமாகக் கேட்டால், மிகப் பெரியவை எல்லாமே ஏதோ ஓர் அளவில் ரேடியோ அலை வீசுகின்றன. முற்றிலும் அணைந்தது என்று ஒன்றுமில்லை.

நீண்ட அலைகளில் கேட்பது ஏன் முக்கியம்? தாரையில் உள்ள எலக்ட்ரான்களில் அதிகச் சக்தி உள்ளவை சீக்கிரம் களைத்துவிடும். அவைதான் உயர்ந்த அலைவரிசைகளில் ஒலிப்பவை. தாரை நின்று சில கோடி ஆண்டு போனால் உயர்ந்த அலைவரிசையில் எதுவும் கேட்காது. தாழ்ந்த அலைவரிசையில் மட்டும் பழையதன் மிச்சம் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். எம்87ஐச் சுற்றியுள்ள பழைய குமிழ்களின் முழு உருவம், இரண்டரை லட்சம் ஒளியாண்டு அகலத்துக்கு, விஎல்ஏவின் 90 சென்டிமீட்டர் அலைநீளப் படத்தில்தான் 2000ஆம் ஆண்டில் விவரமாகத் தெரிந்தது. ஊட்டித் தொலைநோக்கி கேட்கும் அலைநீளமும் கிட்டத்தட்ட அதுவே.

ஊட்டிக்குப் பிறகு ஸ்வரூப் எழுப்பியது புனேக்கு வடக்கே கோடத்தில் உள்ள ஜிஎம்ஆர்டி. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகள் 25 கிலோமீட்டர் தூரத்துக்குப் பரவி நிற்கின்றன. நீண்ட அலைகளைக் கேட்பதற்கென்றே கட்டியது. தகட்டுக்குப் பதிலாக மெல்லிய எஃகுக் கம்பி வலையைக் கயிறுகளில் இழுத்துக் கட்டித் தட்டு செய்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் அலைக்கு அந்த வலையின் இடைவெளி கண்ணுக்கே தெரியாது. காற்று மட்டும் உள்ளே புகுந்து போய்விடும்.

சித்திரை நட்சத்திரம் எல்லாருக்கும் தெரியும். சித்ரா பௌர்ணமியன்று நிலா அதன் பக்கத்தில்தான் நிற்கும். அதிலிருந்து ஆறு டிகிரிக்குள், சுமார் பத்துக் கோடி ஒளியாண்டு தொலைவில், என்ஜிசி 5044 என்ற நீள்வட்ட மண்டலம் இருக்கிறது. 1.4 கிகாஹெர்ட்ஸில் அதன் பலம் சில பத்து மில்லிஜான்ஸ்கி. எம்87ஐவிட ஆயிரக்கணக்கான மடங்கு மங்கல். நடுவில் ஒரு புள்ளி, வேறொன்றும் காணோம். ஆனால் சந்திராவின் படத்தில் அதைச் சுற்றிய வாயு குழி குழியாகக் கிடக்கிறது. குழி இருக்கிறது, குழி பறித்தவர் எங்கே? ஜிஎம்ஆர்டியில் 235 மெகாஹெர்ட்ஸில் கேட்டபோது வளைந்து நெளிந்து நீளும் ஓர் ஒளிவால் வெளிப்பட்டது. அது பெரிய குழி ஒன்றின் ஊடாகவே சென்றது. 610 மெகாஹெர்ட்ஸில் அந்த வாலைக் காணவில்லை. பழைய தாரை ஒன்றின் எச்சம் நீண்ட அலையில் மட்டும் உயிரோடு இருந்தது.

இன்னொன்று 39 கோடி ஒளியாண்டு தொலைவில், ஒஃபியூகஸ் கூட்டத்தில். அதன் நடு மண்டலத்துக்கு அப்பால் வெப்ப வாயுவில் ஒரு வளைந்த விளிம்பு இருப்பதைச் சந்திரா முன்பே காட்டியிருந்தது. அது ஒரு குமிழின் சுவராக இருக்க முடியாது, அவ்வளவு பெரிய குமிழுக்கு வேண்டிய சக்தி நம்பத் தகுந்ததல்ல என்று முதலில் எண்ணினார்கள். ஆஸ்திரேலியாவின் முர்ச்சிசன் தொலைநோக்கியும் ஜிஎம்ஆர்டியும் நீண்ட அலைகளில் கேட்ட பிறகு 2020இல் உண்மை உறுதியானது. அந்த விளிம்புக்கு அப்பால் குமிழ் முழுதும் ரேடியோ அலை நிறைந்திருந்தது. நம் பால்வீதியைப் போன்ற பதினைந்து மண்டலங்களை அடுக்கி வைக்கும் அளவுக்குப் பெரிய குழி. இன்று அந்த மண்டலத்தின் நடுவில் சொல்லிக்கொள்ளும்படியான தாரை இல்லை.

தாரை எத்தனை நாளைக்கு ஒரு முறை எரிகிறது, எத்தனை நாள் ஓய்கிறது? இதற்கு இதுவரை கிடைத்த நல்ல சாட்சி, மறுபடியும் கன்னி ராசிக்குள்ளேயே, ஆனால் கிழக்கே தள்ளி இருக்கும் என்ஜிசி 5813. அதன் வெப்ப வாயுவில் நடுவிலிருந்து வெளியே ஒரே நேர்க்கோட்டில் மூன்று ஜோடிக் குமிழ்கள் வரிசையாக இருக்கின்றன. உள்ளே இருப்பது புதியது, நடுவில் இருப்பது பழையது, வெளியே மிதந்து போய்விட்டது மிகப் பழையது. ஒவ்வொன்றோடும் ஓர் அதிர்ச்சி அலையும் சேர்ந்து பரவுகிறது. அந்த அலைகள் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்பதிலிருந்து வெடிப்புகளுக்கு இடைவெளி சுமார் ஒரு கோடி ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயு குளிர்வதற்குள் அடுத்த வெடிப்பு வந்து சூடேற்றிவிடுகிறது. கணக்குக் கிட்டத்தட்ட நேராகிறது.

ஆனால் எல்லா மண்டலங்களும் இப்படி ஒழுங்காக வரிசை காட்டுவதில்லை. பலவற்றில் தாரை புறப்பட்ட சில ஆயிரம் ஒளியாண்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. மண்டலத்தின் எல்லையைத் தாண்டுவதே இல்லை. இந்தக் குட்டித் தாரைகளுக்கு ஃபனரோஃப்-ரைலி வரிசையில் 'பூஜ்ய வகை' என்று ஒரு புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் அக்கம்பக்கத்தில் எண்ணிக்கையில் இவைதான் அதிகம். இவை வளரப்போகும் குழந்தைகளா, இவ்வளவுதான் வளரக்கூடியவையா? குழந்தைகள் என்றால் வளர்ந்த பெரியவர்களின் எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். எரிந்து அணைந்து, அணைந்து எரிந்து, ஒருபோதும் நெடுந்தூரம் போகாமலே காலம் கழிப்பவையாக இருக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். கருந்துளை மெதுவாகச் சுழன்றால் தாரைக்கு வேகம் குறையும், சீக்கிரம் கலையும் என்பதும் ஒரு கருத்து.

தீர்ப்புச் சொல்லப் போதிய கூர்மையுள்ள காதுகள் இப்போது எழும்பிக்கொண்டிருக்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் முர்ச்சிசன் பகுதியில், வஜாரி யமாஜி மக்களின் மண்ணில், ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் கம்பி மரங்களாக 1,31,072 ஆன்டெனாக்கள் திட்டமிட்டிருக்கிறார்கள். 50 முதல் 350 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். தென்னாப்பிரிக்காவின் காரூ பாலையில் அதன் இணைத் தொகுதியாக 197 தட்டுகள். இந்தியா இதில் உறுப்பு நாடு. கோடத்தில் பயின்ற பொறியாளர்கள் அதன் கட்டுப்பாட்டு மென்பொருளில் பங்கு வகிக்கிறார்கள். பூஜ்ய வகைத் தாரைகளைச் சுற்றிப் பழைய குமிழ்களின் எச்சம் 100 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே தென்பட்டால், அவை முன்பு ஒரு காலத்தில் நெடுந்தூரம் ஓடியவை என்று தெரிந்துவிடும். ஒன்றும் தென்படாவிட்டால், பெரும்பாலான கருந்துளைகள் ஒரு குட்டித் தாரையை மட்டும் வைத்துக்கொண்டே தங்கள் மண்டலத்தைக் காலகாலமாகக் கட்டுப்படுத்தி வந்திருக்கின்றன என்றாகும். எனக்கு இந்த இரண்டாவது முடிவின் மேல்தான் நாட்டம்.